ஃபிளாப்பி கெட்டுப்போகவில்லை



போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய லெட்ஜர் நோட்டு கிடைத்தது. அதற்குள் இரண்டு ரசீதுகள் இருந்தன. இந்தப் பதிவு அந்த ரசீதுகளைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். காபி போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். எலக்ட்ரானிக்ஸ் படிக்காத சொந்தக்காரர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். நடுவில் சின்னதாக ஒரு கணக்கு வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நான் செய்த தவறு அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

1987. எனக்கு 31 வயது. ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று இங்கே எழுதவில்லை. அங்கே படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. எங்கள் துறைக்கு ஒரு கம்பெனி தான் பயன்படுத்திக் கழித்த கம்ப்யூட்டர் ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. 8085 பிராசசர், 48 கே மெமரி, 5¼ அங்குல ஃபிளாப்பி டிரைவ் இரண்டு, ஒரு திரை, ஒரு கீபோர்டு. எல்லாம் இருந்தது, ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும் இல்லை. போட்டவுடன் ராமில் இருக்கும் மானிட்டர் புரோகிராம் வரும். அதில் ஒரு முகவரியைத் தட்டினால் அங்கே என்ன எண் இருக்கிறது என்று காட்டும், மாற்ற விடும். அவ்வளவுதான். வீடு கட்டியாயிற்று, குடித்தனம் வரவில்லை என்கிற நிலைமை.

முதல்வர் கூப்பிட்டு, "ஆண்டு விழாவுக்குள்ள இதை ஓட வெச்சுக் காட்டணும் சார், விருந்தாளிங்க எல்லாம் வர்றாங்க" என்றார். நான்கு மாதம் இருந்தது. சரி என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் 8080, 8085, இசட்80 பிராசசர்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் சிபி/எம்தான். வீட்டில் அப்பாவிடம், "இனிமே லேட்டாகும்ப்பா, சிபிஎம் வேலை இருக்கு" என்று சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "கட்சி வேலையெல்லாம் வாத்தியாருக்கு எதுக்குப்பா? மெமோ கொடுத்துருவாங்க" என்றார். இரண்டு நாள் விளக்கினேன். கடைசி வரை அவர் முழுதாக நம்பவில்லை.

சிபி/எம்மை எழுதியவரும் ஒரு வாத்தியார்தான். கேரி கில்டால் என்று பெயர். கலிஃபோர்னியாவில் மான்டெரே என்ற ஊரில் கடற்படையின் முதுநிலைக் கல்லூரியில் கணினி பாடம் எடுத்துக்கொண்டு, இன்டெல் கம்பெனிக்கும் ஆலோசகராக இருந்தார். இன்டெல் சில்லுகளுக்காகப் பிஎல்/எம் என்ற மொழியை உருவாக்கினார். அப்போது நிரல்களைக் காகித நாடாவில் துளை போட்டுத்தான் வைக்க வேண்டும். ஷுகார்ட் கம்பெனியிடமிருந்து ஒரு ஃபிளாப்பி டிரைவ் கிடைத்தது. ஆனால் அதை 8080 சிஸ்டத்தோடு இணைக்கும் கன்ட்ரோலர் இல்லை. ஜான் டொரோடி என்ற நண்பர் அதைக் கட்டிக் கொடுத்தார். 1974-இல் அந்த டிரைவுக்காகக் கில்டால் எழுதியதுதான் சிபி/எம். இன்றைக்கும் உங்கள் விண்டோஸில் டிரைவுக்கு 'சி:' என்று எழுத்து வருகிறதே, அந்த ஏ, பி, சி வழக்கம் சிபி/எம்மிலிருந்து டாஸுக்குப் போய் அங்கிருந்து வந்ததுதான்.

அவர் செய்த பெரிய காரியம் அதற்குப் பிறகு வந்தது. இம்சாய் என்ற கம்பெனி தன் மிஷினுக்கும் சிபி/எம் வேண்டும் என்று கேட்டது. மிஷினுக்கு மிஷின் டிரைவ் வேறு, திரை வேறு, முகவரி வேறு. ஒவ்வொருவருக்கும் முழு சிஸ்டத்தையும் திருத்தி எழுதிக்கொண்டிருக்க முடியுமா? மிஷினைத் தொடுகிற பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து ஓரமாக வைத்தார். அதற்குப் பயாஸ் என்று பெயர் கொடுத்தார். மீதிப் பகுதிக்கு மிஷின் எது என்றே தெரியாது. அதனால்தான் நூற்றுக்கணக்கான வகை மிஷின்களில் ஒரே சிபி/எம் ஓடியது.

சொந்தக்காரர்களுக்காக ஒரு உதாரணம். ஒரு தலைமையாசிரியர் புதிய பள்ளிக்கு மாற்றலாகி வருகிறார் என்று வையுங்கள். பாடத்திட்டம், டைம் டேபிள், விதிமுறை எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் இந்தப் பள்ளியில் மோட்டார் சுவிட்ச் எங்கே, பீரோ சாவி எங்கே என்று தெரியாது. அதெல்லாம் அந்தப் பள்ளியின் பியூனுக்குத்தான் தெரியும். தலைமையாசிரியர் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ஆள். பியூன் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. சிபி/எம்மில் தலைமையாசிரியருக்குப் பிடாஸ் என்று பெயர். பியூன்தான் பயாஸ்.

சிபி/எம் 2.2-இல் அந்தப் பியூனுக்கு 17 வேலைகள். விசையை அழுத்தியிருக்கிறார்களா பார், ஒரு எழுத்தைத் திரையில் போடு, இந்த டிராக்குக்குப் போ, இந்த செக்டாரைப் படி, இதை எழுது, இப்படி. செக்டார் என்பது ஃபிளாப்பியில் 128 பைட் கொண்ட ஒரு துண்டு. இந்த 17-ஐயும் உங்கள் மிஷினுக்கு எழுதிவிட்டால் சிபி/எம் ஓடும். பிடாஸும், அதன் மேல் உட்கார்ந்து நாம் தட்டும் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் பகுதியும் சேர்ந்து 5,632 பைட்தான். நீங்கள் காலையில் எனக்கு அனுப்பும் ஒரு குட்மார்னிங் படத்தின் ஓரத்தில்கூட அது அடங்கிவிடும்.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த செக்டாரைப் படி' என்று சொன்னால், பியூன் திரும்பி வந்து இரண்டு பதில்தான் சொல்வான். 0 என்றால் ஆயிற்று. 1 என்றால் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று சொல்லும் வழக்கமே கிடையாது. தலைமையாசிரியரும் கேட்க மாட்டார். 1 வந்தால் திரையில் ஒரே வாக்கியத்தைப் போடுவார்: 'பிடாஸ் எர்ர் ஆன் ஏ: பேட் செக்டார்'. அதாவது ஃபிளாப்பி கெட்டுப்போயிற்று என்று அர்த்தம் கொள்ளும்படி.

இப்போது அந்த மாணவனைப் பற்றி. பெயர் எழுதப் போவதில்லை. கடைசி வருட டிப்ளமோ. கிராமத்திலிருந்து வந்த பையன், பத்தாவது வரை தமிழ் மீடியம். வகுப்பில் கையைத் தூக்க மாட்டான். ஆனால் பிரெட்போர்டில் கை வைத்தால் வேலை சுத்தமாக இருக்கும். தானாகவே வந்து, "சார், நானும் கூட இருக்கட்டுமா?" என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன்.

முதல் முட்டுக்கட்டை மெமரியில் வந்தது. 8085-ஐ ரீசெட் செய்தால் 0000 முகவரியிலிருந்து ஓடத் தொடங்கும். அதனால் அங்கே ராம் என்று ஆங்கிலத்தில் இரண்டு இருக்கிறதே, அதில் அழியாத ரோம் இருந்தாக வேண்டும். ஆனால் சிபி/எம்முக்கு 0000-இலிருந்து எழுதக்கூடிய மெமரி வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் எப்படி இருக்கும்? நான் ஒரு வாரம் யோசித்தேன். அவன் ஒரு 7474 ஃபிளிப்-ஃபிளாப்பைக் கொண்டுவந்து, "ரீசெட்ல ரோம் தெரியட்டும் சார். அது வேலையைத் தொடங்கிட்டு மேல் மெமரிக்குத் தாவினதும் ஒரு அவுட் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்தா ஃபிளிப்-ஃபிளாப் புரண்டு ரோமை மறைச்சிடட்டும்" என்றான். அந்த ஒரு ஐசியில் பிரச்சினை தீர்ந்தது. வெளிநாட்டு மிஷின்களிலும் இப்படித்தான் செய்தார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவன் எதையும் படித்துவிட்டுச் சொல்லவில்லை.

(மேலே ராம், ரோம் என்று நான் குழப்பி எழுதியதை என் பெண் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். முன்னால் ஒரு பத்தியில் 'ராமில் இருக்கும் மானிட்டர்' என்று எழுதியிருக்கிறேன். அது ரோம். 40 வருடம் பாடம் எடுத்தவன் கையே இப்படி எழுதுகிறது. இருக்கட்டும், திருத்தவில்லை.)

அடுத்தது சிபி/எம்மைக் கொண்டுவருவது. 40 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கல்லூரியில் சிபி/எம் ஓடும் மிஷின் இருந்தது. ஆனால் அவர்களுடையது 8 அங்குல ஃபிளாப்பி, நம்முடையது 5¼. ஒன்று மற்றொன்றில் நுழையாது. ஒயர் வழியாக அனுப்புவது ஒன்றே வழி. ஒரு அம்பாசிடர் காரை வாடகைக்கு எடுத்து, பின் சீட்டில் மிஷினை வைத்து, பக்கத்தில் அந்தப் பையனை உட்கார வைத்தேன். வழி முழுவதும் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டே வந்தான். உரிமம், லைசென்ஸ் பற்றியெல்லாம் அன்று நாங்கள் யோசிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே 'மூவ்சிபிஎம்' என்ற நிரலைக் கொண்டு 48 கே-க்குப் பொருந்தும்படி சிஸ்டத்தை இடம் மாற்றி, சீரியல் கேபிளில் 300 பாட் வேகத்தில் இறக்கினோம். ஒன்பது நிமிடம் ஆனது. இருவரும் மூச்சு விடாமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு பயாஸ். எங்களிடம் அசெம்ப்ளர் கிடையாது. லெட்ஜர் நோட்டில் இடது பக்கம் இன்ஸ்ட்ரக்‌ஷன், வலது பக்கம் ஆப்கோட் அட்டவணையைப் பார்த்து எழுதிய எண்கள். நான் எழுதுவேன், அவன் சரிபார்த்து மானிட்டரில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டுவான். ஒரு எண் தவறினால் எல்லாம் போயிற்று. மாலை ஐந்துக்கு ஆரம்பித்தால் வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும் வரை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்குத் திரையில் 'ஏ>' என்று வந்தது. அந்த இரண்டு குறிகளைப் பார்த்து நாங்கள் இருவரும் குதித்த குதிப்பு இன்னும் நினைவிருக்கிறது. வாட்ச்மேன் ஷாக் அடித்துவிட்டது என்று பயந்து ஓடி வந்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒரு ஆசை. விருந்தாளிகள் வரும்போது திரையின் மூலையில் கடிகாரம் ஓட வேண்டும். மணி, நிமிடம், விநாடி. 'ஏ>' என்பதைப் பார்த்து யார் கை தட்டுவார்கள்? கடிகாரம் ஓடினால் கல்லாதவர்களுக்கும் புரியும். போர்டில் இருந்த கிரிஸ்டலிலிருந்து பிரித்துப் பிரித்து விநாடிக்கு ஒரு துடிப்பு எடுத்து, 8085-இன் ஆர்எஸ்டி 7.5 என்ற இன்டரப்ட் காலில் கொடுத்தேன். ஒவ்வொரு விநாடியும் பிராசசர் எந்த வேலையில் இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டு, கடிகாரத்தை ஒரு விநாடி தள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வரும். இந்தப் பகுதி முழுவதும் நானே எழுதியது. மிகவும் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் 'பேட் செக்டார்' வரத் தொடங்கியது.

சின்ன வேலை செய்தால் பெரும்பாலும் வராது. பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் கட்டாயம் வரும். ஒரே ஃபைலை மூன்று முறை காப்பி செய்தால் மூன்று முறையும் வேறு வேறு இடத்தில் வரும். அன்று ஃபிளாப்பி விலை அதிகம். பெட்டியைப் பூட்டிச் சாவியை நானே வைத்திருப்பேன். ஒன்று, இரண்டு என்று ஐந்து ஃபிளாப்பிகளைக் கெட்டுப்போனவை என்று ஒதுக்கினேன். டிரைவில் ஃபிளாப்பியைப் போடுவதும் எடுப்பதும் அந்தப் பையன்தான். கையில் சால்டரிங் பேஸ்ட் இருக்கும், காந்தம் உள்ள ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருப்பான், உறையில் போடாமல் மேஜையில் விட்டிருப்பான் என்று எனக்குள்ளேயே காரணங்களை அடுக்கிக்கொண்டேன். இவற்றில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை.

ஒரு நாள் அவன் தயங்கித் தயங்கி, "சார், ஒரே ஒரு தடவை கடிகாரத்தை நிறுத்திட்டுக் காப்பி பண்ணிப் பார்க்கலாமா?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "உன் கையைக் கழுவிட்டு வா முதல்ல. என் புரோகிராமைக் குறை சொல்ற அளவுக்கு வந்துட்டியா?" என்று லேப் அசிஸ்டன்ட் முன்னாலேயே கத்தினேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் அவனை லேபுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்து ஃபிளாப்பிக்கும் பணம் கட்டச் சொன்னேன். கட்டாவிட்டால் நோ ட்யூஸ் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னேன். இரண்டு தவணையாகக் கட்டினான். அந்த ரசீதுகளை என்னிடம் காட்டினான். நான் வாங்கி நோட்டுக்குள் வைத்தேன்.

ஆண்டு விழாவில் கடிகாரம் ஓடியது. கை தட்டினார்கள். பெரிய காப்பி எதையும் நான் செய்து காட்டவில்லை. மேடையில் முதல்வர் என் பெயரைச் சொன்னார். வேறு யார் பெயரையும் சொல்லும்படி நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

விழா முடிந்த அடுத்த மாதம் ஆபீஸ் கடிதங்கள் அடிக்க வேர்ட்ஸ்டார் போட்டோம். கடிகாரம் அதன் மேல் வரியில் வந்து விழுந்து தொந்தரவு செய்தது. அதனால் கடிகாரத்தை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து 'பேட் செக்டார்' வரவே இல்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்தப் பையன் போனான், ஃபிளாப்பி கெடுவது நின்றது என்று நினைத்தேன். ஸ்டாஃப் ரூமில் அப்படியே சொல்லியும் இருக்கிறேன்.

இனி கணக்கு.

பரணிலிருந்து நோட்டை எடுத்த அன்று, செக்டாரைப் படிக்கும் பகுதியைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் பென்சிலில் மெல்லிய எழுத்து. என் கையெழுத்து இல்லை. படிக்கும் லூப்புக்குப் பக்கத்தில் '65' என்றும், அதன் கீழே '192' என்றும் இருந்தது. பத்துப் பக்கம் தள்ளி என் கடிகார ரொட்டீனுக்குப் பக்கத்தில் '400+' என்று எழுதி, இரண்டு கேள்விக்குறி.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நானும் எண்ணினேன். எங்கள் பிராசசர் 3 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு மைக்ரோவிநாடிக்கு மூன்று துடிப்பு. எங்கள் ஃபிளாப்பியில் சிங்கிள் டென்சிடி. தட்டு சுற்றச் சுற்ற 64 மைக்ரோவிநாடிக்கு ஒரு பைட் வந்து விழும். 64-ஐ மூன்றால் பெருக்கினால் 192 துடிப்பு. அதற்குள் அந்த பைட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த பைட் வந்து அதன் மேல் உட்கார்ந்துவிடும். தட்டு யாருக்காகவும் நிற்காது. என் லூப் ஒரு பைட்டை எடுத்து வைக்க 65 துடிப்பு. 192-க்குள் தாராளமாக அடங்கும். ஆனால் சரியாக அந்த நேரத்தில் கடிகாரம் குறுக்கே வந்தால்? அது 400 துடிப்புக்கு மேல் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பும். அதற்குள் இரண்டு பைட் கை நழுவிப் போய்விடும்.

ஒரு செக்டாரைப் படிக்க 128 பைட், 64 மைக்ரோவிநாடி வீதம் சுமார் 8 மில்லிவிநாடி. கடிகாரம் 1,000 மில்லிவிநாடிக்கு ஒரு முறை வருகிறது. ஆக, சுமார் 120 செக்டாருக்கு ஒன்று அடி வாங்கும். 30 கே ஃபைல் என்றால் 240 செக்டார். ஒரு காப்பிக்கு இரண்டு பிழை. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். நோட்டின் பின்பக்கத்தில் நானே எழுதி வைத்திருந்த பிழைக் கணக்கைப் பார்த்தேன். ஒரு காப்பிக்கு இரண்டு, ஒன்று, மூன்று, இரண்டு. அப்படியே பொருந்தியது.

ஃபிளாப்பி கெட்டுப்போகவில்லை. ஒன்றுகூட.

இதைவிட வேதனை ஒன்று உண்டு. எங்கள் மிஷினில் இருந்தது 1793 என்ற ஃபிளாப்பி கன்ட்ரோலர். அது ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று ஒரு பைட்டில் தெளிவாகச் சொல்லும். தட்டில் பிழை இருந்தால் ஒரு பிட், நீ பைட்டை நேரத்துக்கு எடுக்கவில்லை என்றால் வேறு ஒரு பிட். அந்த இரண்டாவது பிட்டுக்கு 'லாஸ்ட் டேட்டா' என்று பெயர். சில்லு ஒவ்வொரு முறையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான் எழுதிய பயாஸ்தான் எல்லாப் பிழைகளையும் ஒன்றாகச் சுருட்டி '1' என்று மேலே அனுப்பியது. அந்த ஒரு பைட்டைத் திரையில் அச்சிட்டுப் பார்த்திருந்தால் ஒரே மாலையில் தெரிந்திருக்கும். சிபி/எம் கையேட்டில், பிழை வந்தால் பயாஸ் குறைந்தது பத்து முறை திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அதை அப்புறம் சேர்க்கலாம் என்று விட்டேன். சேர்த்திருந்தால் அடுத்த சுற்றிலேயே சரியாகப் படித்திருக்கும், யாருக்கும் பிழையே தெரிந்திருக்காது.

சரி செய்ய எவ்வளவு வேலை? படிக்கும் லூப்புக்கு முன்னால் ஒரு 'டிஐ', பின்னால் ஒரு 'இஐ'. இன்டரப்டை நிறுத்து, மறுபடி அனுமதி. ஆளுக்கு ஒரு பைட். மொத்தம் இரண்டு பைட். எழுதும் லூப்புக்கும் அப்படியே இன்னொரு இரண்டு.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்டரப்ட் பாடம் நான் எத்தனை வருடம் எடுத்திருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். 'இன்டரப்ட் என்பது கதவைத் தட்டும் விருந்தாளி' என்று சொல்வேனே, நினைவிருக்கிறதா? அதைக் கேட்டுத் தேர்வில் எழுதி மார்க் வாங்கியவன்தான் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான். நான் அவன் கையைக் கழுவச் சொன்னேன்.

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மூலமாக எண் கிடைத்தது. இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மூன்றாவது நாள் பேசினேன். இப்போது மில்களுக்கும் ஃபேக்டரிகளுக்கும் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்த்துக் கொடுக்கும் சொந்தத் தொழில். என் குரலைக் கேட்டதும், "சார், நல்லா இருக்கீங்களா? உடம்பு எப்படி இருக்கு?" என்றார். நான் சுற்றி வளைக்காமல் நோட்டு கிடைத்ததையும், கணக்குப் போட்டதையும், ரசீதுகளையும் சொன்னேன். "தப்பு என்னோடதுப்பா. உன் மேல போட்டுட்டேன். மன்னிச்சுக்கோ" என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பின்னால் ஏதோ டிரில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு, "ஆர்எஸ்டி 7.5 எட்ஜ் டிரிக்கர் சார். உள்ளயே லேட்ச் ஆகி நிக்கும். டிஐ போட்டிருந்தாலும் இஐ வந்ததும் கடிகாரம் ஓடியிருக்கும். ஒரு விநாடிகூடப் போயிருக்காது" என்றார்.

அதாவது, என் கடிகாரமும் ஓடும்படி, ஃபிளாப்பியும் படிக்கும்படி அவர் அன்றைக்கே முழுத் தீர்வையும் யோசித்து வைத்திருந்தார். கடிகாரத்தை நிறுத்தச் சொன்னது ஒரு சோதனைக்காக மட்டும். அடுத்த வாக்கியத்தைச் சொல்ல நான் விடவில்லை.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் எதுக்கு சார்" என்றார். வற்புறுத்தினேன். "பணம் எங்கப்பா கட்டினது சார். அவர் இப்ப இல்லை. ஃபிளாப்பியை நான் கெடுக்கலைன்னு அவர்கிட்ட சொன்னேன். வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

கடைசியில் அவரே, "அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புறீங்களா சார்? என் பையன் எம்பெடெட்ல இருக்கான். அவனுக்குக் காட்டணும்" என்றார். ஜெராக்ஸை நான் வைத்துக்கொண்டு அசல் நோட்டை அவருக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில், இந்த சிபி/எம்மை இந்த மிஷினுக்குக் கொண்டுவந்தவர்கள் இருவர் என்று எழுதி, அவர் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் போட்டுக் கையெழுத்திட்டேன். கெடுத்ததாகச் சொன்ன ஐந்து ஃபிளாப்பிகளில் எதுவும் கெடவில்லை என்றும் எழுதினேன். பெயர் சொல்லாமல் இங்கே எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்.

எனக்கு மெமரி எங்கும் போய்விடவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் எதை நினைவில் வைத்திருந்தேன் பாருங்கள். கை தட்டல் நினைவிருந்தது. அம்பாசிடர் காரும் அப்பாவின் கட்சிப் பேச்சும் நினைவிருந்தன. ரசீதுகள் நோட்டுக்குள் இருப்பதை மட்டும் மறந்துவிட்டேன்.

உங்களில் பலர் இன்று டீம் லீடர், மேனேஜர். சிலர் ஆசிரியர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். உங்களிடம் வந்து சேரும் பிழைச் செய்தி, பல படி தாண்டி வந்தது. கீழே தெளிவாகச் சொல்லப்பட்ட காரணம் வழியில் எங்காவது '1' என்று சுருங்கியிருக்கலாம். ஆளைப் பிடிக்கும் முன் அந்த பைட்டைப் பாருங்கள். சின்னவர் யாராவது, "இதை நிறுத்திட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டால், நிறுத்திப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகுமா?

இதைப் படிக்கும் வேறு யாரையாவது நான் இப்படித் தவறாகத் தண்டித்திருந்தால், தயங்காமல் எழுதுங்கள். கீழே எழுதச் சங்கடமாக இருந்தால் போன் செய்யுங்கள். பழைய எண்தான். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் வேண்டாம், தூங்குவேன்.

அன்புடன்,
உங்கள் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார்

பி.கு.: முந்தாநாள் இதைப் பாதி எழுதி வைத்திருந்ததை எங்கள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா சொன்னது சரிதான், நீ அந்தக் கட்சியில இருந்திருக்கே" என்கிறார். அக்கா, இது கம்ப்யூட்டர்.